அட்டையை எடுத்த கை

ரொட்டி கருகிப்போனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மற்ற நாளாக இருந்தால் மாமனார் ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுக்கு வயசு என்ன இருக்கும்? தொல்பொருள்காரங்ககிட்ட கொடுத்துக் கேட்போமா?" என்றிருப்பார். மாமியார், "சாப்பிடறதா இருந்தா சாப்பிடுங்க, இல்லைன்னா நாளைக்கு நீங்களே அடுப்படிக்கு வாங்க" என்றிருப்பார். இன்று நாலு பேரும் கருகலின் மேல் வெண்ணெயைத் தடவி மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, எல்லார் வாயிலயும் பஞ்சு வெச்சிருக்கா?" என்றான் மகன். அவன் பல் மருத்துவன். "அது என் தொழில். வீட்டுலயே நீங்களா வெச்சுக்கிட்டா நான் பிழைக்கிறது எப்படி?"

மாமியார் மட்டும் சிரித்தார். மாமனார் தேநீரை ஆற்றினார். மருமகள் வெண்ணெய்க் கத்தியைத் துடைத்து வைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த கத்திதான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பெட்டி. நடந்தது புரிய வேண்டுமானால் முதலில் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆளுயர இரும்பு அலமாரி போல இருக்கும் அந்த முளைப்புப் பெட்டி, மாமனார் பேராசிரியராக இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. உள்ளே கம்பி அடுக்குகள். கண்ணாடிக் கிண்ணங்களில் ஈரமான உறிஞ்சுதாளை விரித்து, அதன் மேல் தக்காளி விதைகளைப் பரப்பி, அடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினால், பெட்டி அவற்றை ஒரே வெதுவெதுப்பில் வைத்துக் காக்கும். விதை தாளிலிருந்து தண்ணீரை உறிஞ்சி உப்பும். தோல் வெடிக்கும். ஒரு வெள்ளை நுனி தலையை நீட்டிப் பார்க்கும். அந்த நுனி எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது என்பதுதான் மாமனாரின் வாழ்நாள் கேள்வி. கடல்பாசியிலிருந்து தாம் காய்ச்சி எடுத்த கரைசலில் ஊறிய விதைகள், வெறும் தண்ணீரில் ஊறியவற்றைவிட ஒரு நாள் முந்தி முளைக்கின்றன என்று அவர் காட்டினார். அந்த ஒரு நாள் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. மருமகள் அவரிடம் மாணவியாகச் சேர்ந்து டாக்டர் பட்டம் வாங்கியதும் அந்த ஒரு நாளை வைத்துத்தான். பட்டத்தோடு தன் பிள்ளையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டார் என்று நிலையத்தில் இன்றைக்கும் கேலி பேசுவார்கள்.

பெட்டிக்கு மாமனார் போட்ட சட்டங்கள் இரண்டு. கரைசல் கிண்ணங்கள் கீழ் அடுக்கில், தண்ணீர்க் கிண்ணங்கள் மேல் அடுக்கில். மாற்றி வைத்து, மேலிருந்து ஒரு சொட்டுக் கரைசல் சிந்தினால் தண்ணீர்க் கிண்ணம் கெட்டுப்போகும் அல்லவா? அது முதல் சட்டம். பெட்டிக்குள் காற்றைச் சுழற்றும் விசிறி உறிஞ்சுதாளைக் காயவைத்துக்கொண்டே இருந்தது. அதனால் விசிறியின் வாயில் ஓர் அட்டையை வைத்து ஒட்டி அடைத்தார். யாரும் அதைத் தொடக் கூடாது. அது இரண்டாவது.

தனித்தனியே பார்த்தால் இரண்டும் கெட்டிக்கார யோசனைகள். சேரும்போதுதான் வில்லங்கம். பெட்டியைச் சூடாக்கும் தகடு அடியில் இருக்கிறது. விசிறி சுற்றினால் சூடு எல்லா அடுக்குக்கும் சமமாகப் போய்ச் சேரும். விசிறியை அடைத்துவிட்டால், தகட்டை ஒட்டியிருக்கும் கீழ் அடுக்குக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் சூடு கிடைக்கும். வெப்பமானியோ நடு அடுக்கில் இருக்கிறது. பாவம், அதற்குத் தன் இடத்து நிலவரம் மட்டும்தான் தெரியும். கூடுதல் சூடு கிடைத்தால் எந்தத் தக்காளி விதையும் முந்திக்கொண்டு முளைக்கும். அதற்குக் கடல்பாசி தேவையில்லை.

இதைக் கண்டுபிடித்தவள் சுண்டெலி.

அவள் மருமகளின் முதல் மாணவி. ஆள் சிறிசு. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதன் முதுகுப் பக்கம் போய்க் குனிந்து பார்ப்பாள். அதனால் ஆய்வகத்தில் அந்தப் பெயர். ஒரு நாள் கரைசல் கிண்ணங்களுக்குக் கீழ் அடுக்கில் இடம் போதாததால் கிண்ணங்களை மேலும் கீழுமாக மாற்றி வைத்தாள். தண்ணீர் விதைகள் முந்தி முளைத்தன. மறுபடி, இந்த முறை வேண்டுமென்றே, மாற்றி வைத்தாள். மறுபடி அதே கதை. மூச்சு வாங்க ஓடி வந்து மருமகளிடம் சொன்னாள். "ஆய்வகக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லு" என்று தைரியம் கொடுத்தது மருமகள்தான்.

சுண்டெலி சொன்னாள். மாமனார் முழுவதும் கேட்டுவிட்டு, "முதல்ல கை சுத்தமா வேலை செய்யக் கத்துக்கம்மா. அப்புறமா பெட்டியைக் குறை சொல்லலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சுண்டெலி திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

மருமகள் அப்போது தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று சுண்டெலியின் ஆண்டு மதிப்பீடு. அவள் ஆராய்ச்சியில் தொடரலாமா, இல்லை மூட்டை கட்ட வேண்டியதுதானா என்று ஒரு குழு முடிவு செய்யும். குழுத் தலைவர் மாமனார்.

"நேத்து சாயங்காலம் உன் மாமா எங்க போய் என்ன பண்ணிட்டு வந்தாரோ" என்றார் மாமியார், தட்டுகளை அலம்பிக்கொண்டே. "விரல் நுனியெல்லாம் பிசுபிசுன்னு பசை. எண்ணெய் போட்டுத் தேய்ச்சாதான் போச்சு. நான் கேட்டா, 'ஒண்ணுமில்லை'ன்னு ஒரு பதில். இந்த மனுஷனுக்கு இந்த வயசுல என்ன ஒட்டு வேலை?"

மருமகள் கழுவின தட்டைத் துடைத்தாள்.

"ஏம்மா," மாமியார் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க ஆராய்ச்சி சமாசாரம் எனக்குப் புரியாது. ஆனா அவர் ஒரு வாரமா சரியாத் தூங்கலை. புரண்டு புரண்டு படுக்கறார். எதுவா இருந்தாலும் வீட்டுல பேசித் தீர்த்துக்கோங்க. வெளியில வெச்சு அவரைத் தலை குனிய விட்டுடாதே."

"அத்தை, நான் எதுவும் பண்ணலையே."

"அதைத்தான் சொல்றேன். அப்படியே இரு."

வாசலில் கணவன் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். "அப்பா உன்னைக் கஷ்டப்படுத்துவார்னு பயப்படறியா?"

"கஷ்டப்படுத்த மாட்டார். அதுதான் கஷ்டம்."

"எனக்குத் தெரிஞ்சது பல்லு மட்டும்தான். ஆடுற பல்லைச் சீக்கிரமா எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி."

"எது ஆடுற பல்லு? அந்தப் பொண்ணா, நானா?"

அவன் இன்னொரு ஷூவைத் தேடத் தொடங்கினான். அது அவன் கையில்தான் இருந்தது.

வெளியே மாமனார் காரைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தினமும் இருவரும் ஒரே காரில்தான் போவார்கள். ஒரே வீடு, ஒரே கார், ஒரே கட்டடம், மாலையில் மறுபடி அதே கார்.

"பெல்ட் போட்டியாம்மா?"

"போட்டேன் மாமா."

அவர் நிதானமாக ஓட்டுவார். எந்த வண்டிக்கும் வழி விடுவார். கடைத்தெருவைத் தாண்டும்வரை ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவளுக்குப் புழுக்கமாக இருந்தது. ஜன்னலை இறக்கப் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கத்துப் பொத்தான் பழுதாகி நாளாகிறது. ஓட்டுகிறவர்தான் தன் பக்கத்திலிருந்து இறக்கிவிட வேண்டும்.

"காத்து வேணுமா? கேக்கலாமில்ல?" என்று அவரே இறக்கிவிட்டார். எவ்வளவு தூரம் இறங்க வேண்டுமோ அவ்வளவு தூரம்.

"பெட்டியைச் சரி பண்ணிட்டேன்" என்றார் பிறகு.

"என்ன மாமா?"

"விசிறியை அடைச்சிருந்தோமே, அந்த அட்டை. நேத்து எல்லாரும் கிளம்பினப்புறம் நானே பிய்ச்சு எடுத்துட்டேன். அப்பப்பா, என்ன பசை! இப்ப விசிறி ஜோரா ஓடுது. தாள் காயாம இருக்க ஒவ்வொரு மூலையிலயும் ஒரு கிண்ணம் தண்ணி வெச்சுட்டேன். காத்து ஈரமாச் சுத்தும். இத்தனை வருஷமா இது தோணலை பாரு!"

ஒரு சிக்கலை அவிழ்த்த சந்தோஷம் அவர் குரலில் அப்படியே இருந்தது. அதில் கள்ளம் இல்லை. அதைக் கேட்டதும் மருமகள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் நம்பிவிட்டார். சுண்டெலி சொன்னது உண்மை என்று நம்பாமல் யார் போய் அட்டையைப் பிய்ப்பார்கள்?

"அப்ப அவ சொன்னது சரிதானே மாமா?"

சிவப்பு விளக்கு விழுந்தது. அவர் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கை இழுத்தார்.

"சரியோ தப்போ, இனிமே அந்தக் குழப்பம் வராது. நமக்கு அதுதானே வேணும்?"

"அவளுக்கு இன்னைக்கு மதிப்பீடு."

"அதைத்தான் சொல்ல வந்தேன். அங்க கைடா இருக்கற உன் பேச்சுத்தான் எடுபடும், உனக்குத் தெரியாததா? 'கை இன்னும் படியலை, வேற எங்கயாவது கொஞ்ச காலம் உதவியாளா இருந்துட்டு வரட்டும்'னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் மேல எதுவும் கேட்க மாட்டேன். நல்ல இடமா நானே பார்த்துக் கொடுக்கறேன். அவளுக்கும் கெடுதல் இல்லை."

"அப்படிப் போனவங்க யாராவது திரும்பி வந்திருக்காங்களா மாமா?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஒலி எழுப்பினான். மாமனார் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியை நகர்த்தினார்.

"என்னை விடும்மா. எனக்கு வயசாச்சு. உன் ஆய்வேடும் அந்தப் பெட்டியில செஞ்சதுதான். அதையும் நினைச்சுப் பார்த்துக்கோ."

அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டாள். மாணவியாக இருந்த காலத்தில் அவள் கிண்ணங்களில் எல்லாம் பூஞ்சை பிடித்து, செய்ததெல்லாம் பாழாகிக்கொண்டிருந்தது. ஒரு மாலை, கழுவுதொட்டி அருகே அழுதுகொண்டு நின்றாள். இவர் வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்று கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தார். எல்லாம் முடிந்தபின், "பூஞ்சை பிடிக்காத ஆராய்ச்சியாளர் யாரும்மா இருக்கா? எனக்குப் பிடிச்சதைப் பார்த்திருந்தா நீ தோட்டம் போட்டிருப்பே" என்றார். மறுநாளும் அவள் வந்தாள், அதற்கு மறுநாளும். அன்று அவர் கை சுத்தத்தைப் பற்றிப் பேசியிருந்தால் அவள் திரும்பியே வந்திருக்க மாட்டாள்.

ஒரு மாணவியை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று தெரியாத மனிதர் அல்ல இவர். தெரிந்த மனிதர்.

கீழ்த்தளத்தில் சுண்டெலி பெட்டிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வெப்பமானிகள்.

"மேடம், விசிறி ஓடுது!"

மருமகள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். சன்னமாக உறுமியது.

"யாரோ அட்டையை எடுத்துட்டாங்க. நேத்து மத்தியானம் ஒவ்வொரு அடுக்குலயும் ஒண்ணொண்ணு வெச்சுப் பார்த்தேன். கீழ ரெண்டு டிகிரி கூட இருந்துது. இன்னைக்குக் குழுவைக் கையோட கூட்டிட்டு வந்து காட்டிடலாம்னு இருந்தேன். இப்பப் பார்த்தா எல்லாம் ஒண்ணு போல இருக்கு."

"நேத்து போட்டோ எதுவும் எடுக்கலையா?"

"எடுத்தா மட்டும்? நானே வெப்பமானியைக் கையில வெச்சுத் தேய்ச்சுட்டு எடுத்தேன்னு சொல்லமாட்டாங்களா? நேர்ல பார்த்தாதானே நம்புவாங்க." சுண்டெலி தலையைத் தூக்கினாள். "யார் மேடம் எடுத்திருப்பா?"

பதில் நாக்கின் நுனியில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வீடு நின்றது. மாமியார், கணவன், மாலையில் ஏற வேண்டிய கார்.

"தெரியலையே" என்றாள் மருமகள்.

சுண்டெலி ஒரு வெப்பமானியை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, தன்னோடு பேசுவது போல, "நிஜமாவே ரெண்டு டிகிரி இருந்துதா, இல்லை நான்தான் அப்படிப் பார்த்துக்கிட்டேனான்னு இப்ப சந்தேகமா இருக்கு மேடம். சார் சொன்ன மாதிரி என் கைதான் சரியில்லையோ என்னமோ" என்றாள்.

ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு மற்றதெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம். அளக்க, எழுத, எண்ண, எல்லாவற்றுக்கும் வழி உண்டு. தான் கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லும் துணிவு ஒன்றைத்தான் கடையில் வாங்கித் தர முடியாது. இருப்பதைக் கெடுக்காமல் காப்பாற்றுவதுதான் கைடின் முதல் வேலை. அது கண்ணெதிரே சுண்டெலியிடமிருந்து கரைந்துகொண்டிருந்தது.

"எழுந்திரு. தரை ஜில்லுனு இருக்கு" என்று மட்டும் சொன்னாள் மருமகள்.

மதிப்பீட்டு அறையில் நீள மேஜை ஒன்று. அதன் தலைப்பக்கம் மாமனார். ஒரு பக்கம் மருமகள். எதிர்ப்பக்கம் பூச்சியியல் பேராசிரியை. சொந்தத் துறைக்காரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வெளியிலிருந்து ஒருவரைக் குழுவில் போடுவது நிலையத்தின் விதி. மாணவர்கள் அவரை வண்டம்மா என்பார்கள். அது அவருக்குத் தெரியும். யாராவது அப்படிச் சொல்லாவிட்டால்தான் கோபம் வரும்.

சுண்டெலி நின்றுகொண்டே பேசினாள். ஆண்டு முழுதும் செய்ததைச் சொன்னாள். கடைசியில் குரல் இறங்கியது.

"அட்டை இருந்தப்ப, மாத்தி வெச்சா தண்ணி விதைதான் முந்திச்சு. இப்ப அட்டை இல்லை. அதனால என்னால காட்ட முடியாது. நான் தப்பாப் பார்த்திருக்கவும் வாய்ப்பு இருக்கு."

"எந்த அட்டைம்மா?" என்றார் வண்டம்மா. "எனக்கு விதையும் தெரியாது, பெட்டியும் தெரியாது. நான் வளர்க்கற பூச்சிங்களே என் பேச்சைக் கேக்காது. மெதுவாச் சொல்லு."

சுண்டெலி சொன்னாள். அடுக்கு, தகடு, விசிறி, அட்டை. வண்டம்மா ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார். பாதியில் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"சரி, நீ வெளியில இரும்மா" என்றார் மாமனார் இதமாக. "கைடு பேசட்டும்."

"இருக்கட்டுமே சார். அவளைப் பத்தித்தானே பேசப்போறோம். ஆள் இல்லாதப்ப பேசினா அதுக்குப் பேரு மதிப்பீடு இல்லை, புறணி." வண்டம்மா சுண்டெலிக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். பிறகு மருமகளைப் பார்த்தார். "சொல்லுங்க. இந்தப் பொண்ணு கை எப்படி?"

மாமனார் கூஜாவிலிருந்து ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மருமகளின் பக்கம் நகர்த்தினார். மிரட்டல் இல்லை. வீட்டில் அவளுக்குத் தொண்டை கட்டினால் செய்வது போலத்தான். அவர் கண்கள் சிவந்திருந்தன. ஒரு வாரத் தூக்கம் பாக்கி.

அவர் கேட்டது ஒரு சின்ன வாக்கியம். கை இன்னும் படியலை. அதைச் சொல்லிவிட்டால் மாலையில் கார் இருக்கும், மேஜையில் கேலி இருக்கும், பட்டம் பட்டமாகவே இருக்கும். அந்தப் பெண் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் ஆய்வகத்தில் கிண்ணம் கழுவிக்கொண்டு, தான் பார்த்தது பொய் என்று நம்பியபடி இருப்பாள்.

மருமகள் தண்ணீரைத் தொடவில்லை.

"கை சுத்தம்" என்றாள். "எனக்கு அந்த வயசுல இருந்ததைவிடச் சுத்தம். அவ பார்த்தது நிஜம். அட்டையை எடுத்தது சார். நேத்து சாயங்காலம். இன்னைக்குக் காலையில கார்ல என்கிட்ட சொன்னார்."

சுண்டெலி மெல்லத் திரும்பினாள். மாமனாரைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தாள்.

"என் ஆய்வேடும் அதே பெட்டியில செஞ்சதுதான்" என்று மருமகள் தொடர்ந்தாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்தவள் போல வேகமாகப் பேசினாள். "அதுவும் தப்பா இருக்கலாம். அட்டையைத் திரும்ப ஒட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும்."

"சார்?" என்றார் வண்டம்மா.

"எடுத்தேன்" என்றார் மாமனார். "இல்லைன்னு சொல்லலையே. ஒரு கோளாறு இருந்துது, திருத்தினேன்."

"திருத்தினது சரி. கோளாறைச் சொன்னவளுக்கு நன்றி சொல்லியிருந்தா இன்னும் சரியா இருந்திருக்கும்."

வண்டம்மா பழத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் காரியத்தில் இறங்கினார். அட்டை திரும்ப ஒட்டப்படும். எந்தக் கிண்ணம் எந்த அடுக்கு என்பது குலுக்கிப் போட்டு முடிவாகும். கிண்ணங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும். முளைத்தவற்றை எண்ணப்போவது தம்முடைய பூச்சித் துறைப் பிள்ளைகள். எது கரைசல், எது தண்ணீர் என்று அவர்களுக்குத் தெரியாததால், எதன் பக்கமும் அவர்கள் மனசு சாயாது. அப்புறம் அட்டை இல்லாமல் இன்னொரு முறை. சுண்டெலி ஆராய்ச்சியில் தொடர்வாள்.

மருமகள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

"நியாயம்" என்றார் மாமனார். விரல்களைக் கோத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. என் ஆராய்ச்சி கேள்வியில இருக்கு, அதனால நான் தலைவரா இருக்கக் கூடாது. விலகிக்கறேன். அதே நியாயம் கைடுக்கும் உண்டில்லையா? அவங்க பட்டத்தையே ஆட்டிப் பார்க்கற சோதனை. அதைச் செய்யப்போற பொண்ணுக்கு அவங்களே எப்படிக் கைடா இருக்க முடியும்?"

வண்டம்மா நெற்றியைச் சுருக்கினார். நிலையத்தின் விதியை அவர் மனசுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"பேச்சு சரிதான்" என்றார் கடைசியில், வாயில் கசப்போடு. "பேசறது யாருங்கறதுதான் இடிக்குது. ஆனா சரியில்லைன்னு சொல்ல முடியலை. நானே எடுத்துக்கலாம்னா, என் துறை வேற, விதி விடாது. அடுத்த வாரத்துக்குள்ள இந்தப் பொண்ணுக்கு வேற கைடு வேணும்."

கைடு இல்லாத மாணவிக்கு நிலையத்தில் இடம் இல்லை. பெயரை எடுத்துவிடுவார்கள். விதை ஆராய்ச்சியில் கைடாக இருக்கத் தகுதி உள்ளவர்களை மருமகள் மனசுக்குள் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தாள். ஒருவர் மாமனாரிடம் படித்தவர். இன்னொருவர் மாமனார் சிபாரிசில் வேலைக்கு வந்தவர். மூன்றாமவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் யாரோடும் மனஸ்தாபம் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிபவர். கதவு ஒன்றைத் திறந்துவிட்டதாக நினைத்தாள். அது இன்னோர் அறைக்குள்தான் போயிருந்தது.

நடைக்கூடத்தில் சுண்டெலி சுவரோரமாக நின்றாள்.

"மேடம், காலையில நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கார்ல சொன்னாருன்னு சொன்னீங்களே, அப்பவே புரிஞ்சுது. இருந்தாலும் உங்க வாயால கேக்கணும்னு இருந்துது." வெப்பமானி உறையை விரல்களில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சோன்னு நினைச்சேன் மேடம். அங்க உக்காந்துக்கிட்டு, என் கண்ணையே நம்பாம. நீங்க பக்கத்துலயே நின்னீங்க."

"சொல்லியிருக்கணும்" என்றாள் மருமகள்.

"ஆமா."

மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. உள்ளே தனக்காகப் பேசியதற்கு நன்றியும் சொல்லவில்லை. ஆமா என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

நடைக்கூடத்தின் கோடியில் மாமனாரின் அறை. பாதிச் சுவர் கண்ணாடி. அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வாம்மா. ரெண்டு நிமிஷம்."

மருமகள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நீ இல்லைம்மா" என்றார். "அவ."

சுண்டெலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உறையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

மருமகளின் கைபேசி அதிர்ந்தது. கணவன்.

"அம்மா கேக்கச் சொன்னா. சாயங்காலம் நீயும் அப்பாவும் சேர்ந்துதானே வருவீங்க?"

அவள் கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமனார் தன் நாற்காலிக்குப் போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, சுண்டெலியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நிதானமாக, கைகளை விரித்து. முதலில் சுண்டெலி நாற்காலியின் நுனியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முதுகு சாய்ந்தது. அவர் எதையோ கேட்டார். காரில் சொன்ன அந்த 'நல்ல இடம்'தான் என்று மருமகளுக்குக் காதில் விழாமலே புரிந்தது.

சுண்டெலி தலையாட்டினாள்.